எண்ணப்படாதவர்களின் பேரரசு

பல்லாங்குழியில் ஒரு குழியில் நான்கு முத்து சேர்ந்தால் அது பசு, எடுத்துக்கொள்ளலாம். ஏன் மூன்று இல்லை, ஏன் ஐந்து இல்லை என்று விளையாடும்போது நாம் கேட்பதில்லை. விதியை ஒத்துக்கொண்ட பிறகுதான் விளையாட்டே தொடங்குகிறது. விதி முத்துகளைப் பற்றியதாக இருக்கும்வரை அதில் ஒரு கெடுதலும் இல்லை. முத்துகள் இருந்த இடத்தில் நாடுகளும் மக்களும் வந்து உட்காரும்போதும் அப்படிக் கேட்காமல் இருக்கலாமா?

பேரரசுகளை உருவாக்கி ஆளும் கணினி விளையாட்டுகளையும், அவற்றை ஆடுகிறவர்கள் அவற்றைப் பற்றிப் பேசும் பேச்சையும் முன்வைத்து இந்தக் கேள்வியை யோசித்துப் பார்க்கிறேன். பெண்ணியக் கட்டுரைத் தொகுப்பில் இதற்கென்ன இடம் என்று சிலருக்குத் தோன்றலாம். என் வகுப்பில் வந்து அமரும் பிள்ளைகளில் சிலருக்கு உஸ்மானியப் பேரரசும் காஸ்டீலும் மிங் சீனமும் முதலில் அறிமுகமானது பாடநூலில் அல்ல, திரையில். வரலாறு என்றால் என்ன, அதில் யார் இருந்தார்கள், யாரால் எது முடிந்தது என்ற எண்ணம் அங்கே உருவாகிறது என்றால், அந்த இடத்தை வாசிக்க வேண்டிய கடமை நமக்கு உண்டு.

1

விளையாடியிராத தோழிகளுக்காக ஒரு சிறு அறிமுகம். சுவீடனின் ஸ்டாக்ஹோமில் இயங்கும் பாரடாக்ஸ் நிறுவனம் 2013இல் வெளியிட்ட ‘யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4’ இந்த வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆட்டம் 1444 நவம்பர் 11 அன்று தொடங்குகிறது. வர்ணாப் போரில் உஸ்மானியப் படை ஹங்கேரிய, போலந்துப் படைகளை முறியடித்ததற்கு மறுநாள் அது. 1821 வரை நாள் நாளாகக் காலம் ஓடுகிறது. முன்னால் உலக வரைபடம். ஆயிரக்கணக்கான மாகாணங்கள். உஸ்மானியராகவோ, காஸ்டீலாகவோ, விஜயநகரமாகவோ எந்த அரசாகவும் நீங்கள் தொடங்கலாம். வரி, வணிகம், மதம், படை, திருமண உறவு, உடன்படிக்கை எல்லாவற்றுக்கும் எண்கள் உண்டு. ஒவ்வொரு ஆட்சியாளருக்கும் நிர்வாகம், அயலுறவு, போர் என்ற மூன்று திறன்களில் 0 முதல் 6 வரை மதிப்பெண் இருக்கும். அரசர்கள் பிறந்து ஆண்டு மடிவார்கள். ஆடுகிறவர் மட்டும் ஏறத்தாழ 376 ஆண்டுகள் மூப்பும் சாவும் இல்லாமல் இருப்பார்.

எளிதில் பிடிபடும் விளையாட்டு அல்ல இது. 1444 மணி நேரம் ஆடி முடித்தால்தான் பயிற்சிப் பகுதி முடியும் என்பது அதை ஆடுகிறவர்களிடையே உலவும் பழைய நகைச்சுவை. இவ்வளவு உழைப்பைக் கேட்கும் ஒன்றை ஆடுகிறவர்கள் சோம்பேறிகளாக இருக்க முடியாது. அவர்கள் வரலாற்று நூல்களைத் தேடிப் படிக்கிறார்கள், வரைபடங்களைப் பிழை திருத்துகிறார்கள், ஒரு சிற்றரசின் கொடி நிறத்துக்காக நாட்கணக்கில் வாதாடுகிறார்கள். அவர்களுடைய கருத்துகளைப் பொருட்படுத்திப் பேச வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம்.

2

அந்தக் கருத்துகள் மிகக் கூர்மையாக வெளிப்பட்ட ஒரு தருணம் இதே வகையைச் சேர்ந்த இன்னொரு விளையாட்டில் வந்தது. இங்கிலாந்தின் கிரியேட்டிவ் அசெம்பிளி நிறுவனம் 2013இல் வெளியிட்ட ‘டோட்டல் வார்: ரோம் 2’ பண்டைய மத்தியதரைக் கடல் உலகில் நடப்பது. 2018இல் அதில் குடும்ப மரம் சேர்க்கப்பட்டது. அந்த ஆண்டு, சில நாடுகளில் பெண்கள் படைத்தலைவர்களாக வருவதைக் காட்டும் திரைப்பிடிப்புகள் பரவின. செப்டம்பரில் ஸ்டீம் விற்பனைத் தளத்தில் அந்த ஐந்து வயது விளையாட்டுக்கு எதிராக மதிப்புரைகள் வந்து குவிந்தன. வரலாற்றைத் திரிக்கிறார்கள், அரசியலைத் திணிக்கிறார்கள் என்பதே அவற்றின் சாரம்.

நிறுவனம் எண்களைச் சொல்லி விளக்கம் கொடுத்தது. பெண் படைத்தலைவர் கிடைப்பதற்கான வாய்ப்பு சில நாடுகளுக்கு 10 முதல் 15 சதவீதம். ரோமுக்கும் கார்த்தேஜுக்கும் கிரேக்க அரசுகளுக்கும் 0. குஷ் அரசுக்கு மட்டும் 50.

குஷ் இன்றைய சூடான் பகுதியில் இருந்த அரசு. அதன் அரசிகளுக்குக் கந்தாகே என்று பட்டம். அவர்களில் ஒருத்தியான அமனிரேனாஸ் கி.மு. 25ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரோமப் படைகளோடு போரிட்டாள். அந்தப் போரில் குஷ் படை கொண்டுபோனதாகக் கருதப்படும் அகஸ்டஸின் வெண்கலத் தலை, மெரோவே நகரில் ஒரு கோயிலின் படிக்கட்டுக்கு அடியில் புதைந்து கிடைத்தது. உள்ளே நுழைகிற ஒவ்வொருவரும் ரோமப் பேரரசனின் தலையை மிதித்துச் செல்லும்படி அதை வைத்திருந்தார்கள். இன்று அது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. பிரிட்டனில் ஐசினி இனக்குழுவின் பூடிக்கா ரோமர்களுக்கு எதிராகப் படை திரட்டியதும், இல்லிரியாவின் டியூட்டா ரோமோடு மோதியதும் ரோமானிய, கிரேக்க ஆசிரியர்களே எழுதி வைத்தவை. நிறுவனம் கொடுத்த எண்கள் இந்த வரலாற்றோடு அப்படியொன்றும் முரண்படவில்லை.

ஆனால் என் வாதம் எண்கள் சரியா என்பதில் இல்லை. அதே விளையாட்டில் ஐசினிகள் கடல் கடந்து வந்து ரோம் நகரைப் பிடிக்கலாம். கார்த்தேஜ் அழியாமல் மத்தியதரைக் கடல் முழுவதையும் ஆளலாம். எகிப்தின் படை பிரிட்டனில் முகாமிடலாம். இவற்றில் எதுவும் நடந்ததில்லை. இவற்றைச் செய்து பார்க்கத்தான் அந்த விளையாட்டையே வாங்குகிறார்கள். ‘யூரோப்பா யுனிவர்சாலிஸ்’ ஆடுகிறவர்களின் உயர்ந்த கனவு உலகம் முழுவதையும் ஒரே நிறமாக்குவது. ர்யூக்யூ என்ற சின்னஞ்சிறு தீவு அரசைக் கொண்டு உலகை வென்றால் அதற்கென்றே ஒரு விருது வைத்திருக்கிறார்கள். அதை வென்றவரை மற்றவர்கள் வணங்குகிறார்கள். அந்தத் தீவு உலகை வென்றது வரலாற்றுத் திரிபு என்று யாரும் புகார் எழுதுவதில்லை.

ஒரு தீவு உலகை வெல்வது கற்பனை. ஒரு பெண் ஒரு படையை நடத்துவது பொய். எப்படி? நடக்காத இரண்டில் ஒன்று இன்பமாகவும் மற்றொன்று அவமதிப்பாகவும் படுவது ஏன்? அதுவும் இரண்டாவது, நடக்கவே நடக்காத ஒன்றுகூட இல்லை; அரிதாக நடந்த ஒன்று. வரலாற்றுத் துல்லியம் என்ற சொல்லை இங்கே நாம் நிறுத்திக் கேட்க வேண்டும். எதை மாற்றிப் பார்க்கலாம், எதை மாற்றவே கூடாது என்று பிரிக்கும் கோடு ஆவணங்களிலிருந்து வரவில்லை. எதை இயற்கை என்று நாம் நம்புகிறோமோ அதிலிருந்து வருகிறது. நாடுகளின் எல்லைகள் தற்செயல், மாற்றலாம். ஆண் பெண் படிநிலை உலகின் அடித்தளம், தொடக்கூடாது. துல்லியம் கேட்கிறவர் தன்னையறியாமல் சொல்லும் வாக்கியம் இதுதான்.

3

இதற்கு வரும் மறுமொழிகளை நியாயமாகப் பார்க்க வேண்டும். முதலாவது, இது வெறும் விளையாட்டு என்பது. சதுரங்கத்தில் சிப்பாய் வெட்டுப்படுவதற்கு யாரும் அழுவதில்லை. ஒருவர் திரையில் கான்ஸ்டாண்டினோபிளைப் பிடித்ததால் யாருக்கும் காயம் படவில்லை. இது உண்மை. திரையில் செய்ததற்காக ஒருவரைக் குற்றவாளியாக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் துல்லியம் குறித்துச் சண்டை போட்டவரே அடுத்த வரியில் இது வெறும் விளையாட்டு என்று சொல்வதைக் கவனியுங்கள். பெண் வரும்போது அது வரலாறு. அடிமை வணிகம் வரும்போது அது விளையாட்டு. இரண்டையும் ஒரே கையில் வைத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது மறுமொழி கனமானது. அதைச் சொல்பவர்களில் பெண்களும் இருக்கிறார்கள். பெண்களுக்கு இல்லாத சமத்துவத்தைத் திரையில் கொடுத்தால், அவர்கள் உண்மையில் அனுபவித்த ஒடுக்குமுறை மறைந்துவிடாதா? பாரடாக்ஸ் நிறுவனத்தின் ‘குரூசேடர் கிங்ஸ் 3’ (2020) இடைக்கால அரச வம்சங்களைப் பற்றியது. அதில் ஆட்டம் தொடங்கும் முன்பே பாலினச் சமத்துவத்தை ஒரு விதியாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். தேர்ந்தெடுத்த கணத்தில் ஆணாதிக்கம் அந்த உலகிலிருந்து மறைகிறது. போராட்டம் இல்லாமல், விலை இல்லாமல், ஒரு சொடுக்கில். இது பரிசா, வெள்ளையடிப்பா?

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஒடுக்குமுறையைக் காட்டக்கூடாது என்று நான் சொல்லவில்லை. காட்டுங்கள், முழுதாகக் காட்டுங்கள் என்கிறேன். பூட்டைக் காட்டினால் போதாது. அதைத் திறக்க முயன்ற கைகளையும் காட்ட வேண்டும். இந்த விளையாட்டுகளில் பெரும்பாலும் பூட்டு மட்டுமே இருக்கிறது.

4

ஒரு விதியை எடுத்துக்கொள்வோம். ‘யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4’இல் அரசன் இறந்து, வாரிசுக்கு 15 வயது நிரம்பவில்லை என்றால் பதிலாட்சி வரும். பதிலாட்சிக் காலத்தில் நாம் போர் தொடங்க முடியாது என்பது அடிப்படை விதி. ஆடுகிறவர்களுக்கு இது பெரிய எரிச்சல். வாரிசு வளரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காலத்தை வேகமாக ஓட்டும் வெற்று ஆண்டுகள் என்றே அதைப் பேசுகிறார்கள்.

வரலாற்றில் அந்த வெற்று ஆண்டுகளில் யார் இருந்தார்கள்? மதுரையில் மகன் இறந்த பிறகு, பேரன் விஜயரங்க சொக்கநாதன் குழந்தையாக இருந்ததால் 1689 முதல் ஏறத்தாழ 17 ஆண்டுகள் ஆட்சியை நடத்தியவள் மங்கம்மாள். கப்பம் கட்டாத திருவிதாங்கூர் மீது தளவாய் நரசப்பையனின் தலைமையில் படை அனுப்பியதும் அவளே. மராத்தியத்தில் 1700 முதல் சிறுவனான மகனின் பெயரால் ஔரங்கசீப்பின் படைகளை எதிர்த்து நின்றவள் தாராபாய். அகமதுநகர்க் கோட்டையை முகலாயர் முற்றுகையிட்டபோது, குழந்தை அரசனுக்காக அதைக் காத்தவள் சாந்த் பீபி. பிரான்சில் ஒன்பதாம் சார்லஸ் சிறுவனாக இருந்தபோது ஆண்டவள் கேதரின் டி மெடிச்சி. அங்கோலாவின் என்டோங்கோவில் சகோதரனின் சிறு மகனுக்குப் பதிலாக அதிகாரத்தைக் கையில் எடுத்து, பிறகு தானே அரசியாகி, போர்த்துகீசியரோடு பல பத்தாண்டுகள் மோதியவள் என்சிங்கா. இவர்கள் அனைவரும் அந்த விளையாட்டு ஓடும் ஏறத்தாழ 376 ஆண்டுகளுக்குள் வாழ்ந்தவர்கள்.

அரியணைக்கு நேர்வழி அடைக்கப்பட்ட காலத்தில் பெண்கள் அதிகாரத்துக்குள் நுழைந்த பக்கவாசல் பதிலாட்சி. அந்த வாசலையே எதுவும் நடக்காத இடம் என்று விதி எழுதி வைத்திருந்தது. வேண்டுமென்றே செய்த சதி என்று நான் நினைக்கவில்லை. அரசனின் கண்ணால் பார்த்தால் பதிலாட்சி ஒரு இடைவெளிதான். யாருடைய கண்ணால் பார்த்து எழுதுகிறோம் என்பதே விதியாக மாறுகிறது. 2016இல் வந்த ‘ரைட்ஸ் ஆஃப் மேன்’ என்ற இணைப்பு அரசனின் துணைவிக்குப் பெயரும் வயதும் மூன்று மதிப்பெண்களும் கொடுத்து, அவள் பதிலாட்சிக்குத் தலைமை ஏற்கவும் வழி செய்தது. வரலாற்றுப் பெண்களைப் பற்றிய நிகழ்வுகளைச் சேர்த்த ஓர் இலவச இணைப்பும் உண்டு. முதல் வரைவில் இல்லாமல் பிற்சேர்க்கையாக வருவது பெண்களுக்குப் புதிதல்ல. இலக்கிய வரலாறுகளில் ‘பெண்பாற் புலவர்கள்’ என்று தனிப் பத்தி ஒதுக்குவதைப் படித்து வளர்ந்த நமக்கு அது நன்றாகத் தெரியும்.

5

இன்னொரு எண்ணைப் பாருங்கள். மேன்பவர், அதாவது படைக்கு எடுக்கக்கூடிய ஆட்களின் இருப்பு. போரில் குறையும், மாதந்தோறும் ஊறும். முற்றிலும் வற்றினாலும் பத்து ஆண்டுகளில் மீண்டும் நிரம்பிவிடும். கிணற்றில் தண்ணீர் ஊறுவது போல இளைஞர்கள் ஊறுகிறார்கள். ஒரு படைவீரனைப் பெற்றவள் இல்லை, பாலூட்டியவள் இல்லை, பதினெட்டு ஆண்டுகள் சோறு போட்டவள் இல்லை. ஒரு மாகாணத்தை வளப்படுத்த வேண்டுமானால் ஆட்சியாளரின் திறமையால் சேரும் புள்ளிகளைச் செலவழித்தால் போதும். வரியும் விளைச்சலும் ஆள்பலமும் அந்தக் கணமே கூடும். மக்கள் பெருகுவது அரசனின் திறமையால். பெண்ணின் உடலால் அல்ல, உழவரின் கையாலும் அல்ல.

மக்களை எண்ணும் விளையாட்டுகளும் இருக்கின்றன. 2025இல் வந்த இதன் ஐந்தாம் பாகம் மக்கள்தொகையைக் கணக்கில் எடுக்கிறது. 1836 முதல் 1936 வரையான நூற்றாண்டைக் காட்டும் ‘விக்டோரியா 3’ (2022) ஒவ்வொரு மக்கள் குழுவையும் உழைப்பவர்கள், சார்ந்திருப்பவர்கள் என்று இரண்டாகப் பிரிக்கிறது. தொடக்கத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் மட்டுமே உழைப்பவர்கள். குழந்தைகளோடும் முதியவர்களோடும் வீட்டிலிருக்கும் பெண்களும் சார்ந்திருப்பவர்களில் அடங்குவார்கள். இரும்பு, நிலக்கரி, தானியம், துணி, அபின் என்று எல்லாவற்றுக்கும் விலை கணக்கிடும் விளையாட்டு அது. சமைப்பதும் துவைப்பதும் பிள்ளை வளர்ப்பதும் அந்தக் கணக்கில் எந்த வரியிலும் வராது.

இது விளையாட்டை உருவாக்கியவர்களின் தனிப்பட்ட குறை என்று சொல்ல மாட்டேன். நாடுகளின் உண்மையான வருமானக் கணக்கே அப்படித்தான் இருக்கிறது என்பதை நியூசிலாந்தின் மேரிலின் வேரிங் 1988இல் ‘இஃப் விமன் கவுண்டட்’ நூலில் விரிவாக எழுதினார். விளையாட்டு அந்த உலகை நேர்மையாகப் பிரதியெடுத்திருக்கிறது, அவ்வளவுதான். அதே விளையாட்டில் பெண்களுக்கான உரிமைச் சட்டங்கள் உண்டு. பாதுகாவலரின் கீழ் இருக்கும் நிலை, சொத்துரிமை, வேலை செய்யும் உரிமை, வாக்குரிமை என்று படிப்படியாக நிறைவேற்றலாம். ஆடுகிறவர்கள் அந்தச் சட்டங்களைப் பற்றிப் பேசும்போது என்ன பேசுகிறார்கள்? எப்போது நிறைவேற்றினால் தொழிற்சாலைக்கு ஆள் கூடுதலாகக் கிடைக்கும் என்று. பெண் விடுதலை இங்கே உற்பத்தியைக் கூட்டும் ஒரு கருவி. சமன்பாடு சரியாக வந்தால் விடுதலை. வராவிட்டால் அடுத்த பத்தாண்டில் பார்த்துக்கொள்ளலாம். நம் காலத்து அரசுகளும் நிறுவனங்களும் பெண்கள் வேலைக்கு வர வேண்டும் என்று சொல்லும் காரணங்களை நினைத்துப் பார்த்தால், இந்த ஆட்டக்காரர்களைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றாது.

6

இதுவரை சொன்னதை வைத்து, பெண்களுக்குத் திரையில் அதிக இடம் கொடுத்துவிட்டால் போதும் என்ற முடிவுக்கு ஒருவர் வரலாம். அந்த முடிவை நான் ஏற்கவில்லை.

‘யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4’இல் அமெரிக்காவின் பெரும்பகுதி, யாருக்கும் சொந்தமில்லாத மாகாணங்களாக வரையப்பட்டிருக்கிறது. அப்படி ஒரு மாகாணத்தைச் சொடுக்கினால் அங்கே வாழும் பூர்வகுடிகளின் எண்ணிக்கை தெரியும். அவர்கள் எவ்வளவு தாக்கும் குணமுடையவர்கள், எவ்வளவு மூர்க்கமானவர்கள் என்று இரண்டு எண்களும் தெரியும். குடியேறியவர்கள் 1000 பேர் ஆனதும் அது முழுமையான நகரமாகிவிடும். அதற்கு முன் பூர்வகுடிகளைத் தாக்கும் பொத்தானை அழுத்தினால் அவர்கள் எண்ணிக்கை சுழியத்துக்கு வரும். குடியேற்றம் பாதுகாப்பாக வளரும். அவர்களை விட்டுவைத்தால் நகரத்தின் விளைச்சலில் சிறிது கூடுதல் கிடைக்கும். ஆகவே ஆடுகிறவர்களின் விவாதம் கொல்வதா வேண்டாமா என்பதல்ல; கொன்றால் லாபமா, விட்டால் லாபமா என்பது. மேற்கு ஆப்பிரிக்கக் கரை மாகாணங்களில் விளைபொருள் என்ற இடத்தில் அடிமைகள் என்று எழுதியிருக்கும். நறுமணப் பொருள்கள், தந்தம், பட்டு என்ற வரிசையில் மனிதர்கள்.

இந்தப் பொத்தானை இசபெல்லா அழுத்தினாலும் பெர்டினாண்டு அழுத்தினாலும் ஒன்றுதான். 1492இல் கொலம்பஸின் பயணத்துக்கு ஆதரவளித்தவள் ஒரு பெண். 1600 டிசம்பர் 31 அன்று கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பட்டயம் வழங்கியவள் ஒரு பெண். நான் மேலே பெருமையோடு சொன்ன என்சிங்காவும் போரில் பிடித்த கைதிகளை அடிமைகளாக விற்றவள். அரியணையில் உட்கார்ந்திருப்பது யார் என்பது ஒரு கேள்வி. அந்த அரியணையிலிருந்து பார்த்தால் யார் யார் எண்ணாகத் தெரிகிறார்கள் என்பது அதைவிட ஆழமான கேள்வி. முதலாவதோடு நின்றுவிடும் பெண்ணியம் மேலே நின்று வரைபடத்தைப் பார்க்கும் கண்ணுக்கு மை தீட்டிவிடுகிறது. கண் அங்கேயே இருக்கிறது.

தமிழ் படித்தவளாக இந்தக் கண் எனக்குப் பழக்கமானது. ‘குரூசேடர் கிங்ஸ்’ வரைபடத்தில் சோழ அரசைத் தேர்ந்தெடுத்துத் தென்கிழக்காசியக் கனவுகளோடு ஆடும் நம் பிள்ளைகளின் பூரிப்பு புரியாததல்ல. உலக வரைபடத்தில் நம் பெயரைப் பார்ப்பது யாருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் சோழர் மெய்க்கீர்த்திகள் வென்ற நாடுகளைப் பட்டியலிடும் முறையையும் இந்த விளையாட்டின் வெற்றிப் பட்டியலையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இராசராசனின் மெய்க்கீர்த்தி நிலத்தையே அவனுக்கு உரிமையான ஒரு பெண்ணாகச் சொல்லித்தான் தொடங்குகிறது. பிறகுதான் வேங்கை நாடும் கங்கபாடியும் நுளம்பபாடியும் ஈழமும் வரிசையாக வருகின்றன. பெண் கேட்டுக் கொடுக்காததால் மூளும் போருக்கு ‘மகட்பாற் காஞ்சி’ என்று ஒரு துறையே வகுத்திருக்கிறது நம் புறப்பொருள் இலக்கணம். கல்வெட்டுகளில் ‘வேளத்துப் பெண்டாட்டி’ என்று குறிக்கப்படும் பெண்கள் அரண்மனைப் பணிக்கான குடியிருப்புகளில் வைக்கப்பட்டிருந்தவர்கள். போரில் பிடித்துக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களில் இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கர்நாடகத்தின் ஹொட்டூரில் உள்ள 1007ஆம் ஆண்டுக் கல்வெட்டு, படையெடுத்து வந்த சோழர்கள் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதாகச் சொல்கிறது. எதிரியின் கல்வெட்டு என்பதால் மிகை இருக்கலாம். ஆனால் வென்றவரின் மெய்க்கீர்த்தியை மட்டும் மிகையில்லாமல் நம்பி, தோற்றவரின் கல்லை மட்டும் சந்தேகிப்பது எந்த வகைத் துல்லியம்?

விளையாட்டில் பிடிபட்ட மாகாணத்துக்கும் துயரம் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். கலக உணர்வு என்று ஒரு எண் இருக்கிறது. அழிவு என்று ஒரு சதவீதம் இருக்கிறது. இரண்டும் காலப்போக்கில் தானாகக் குறையும். பிரிந்துபோக நினைக்கும் எண்ணம் 30 ஆண்டுகளில் ஆறிவிடும். காலனிகளின் வரலாற்றை வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், 30 ஆண்டுகளில் எது ஆறும், எது ஆறாது என்று.

7

அப்படியானால் இவற்றை ஆடுவது தவறா? என் வகுப்பில் ஒரு மாணவி நேராகவே கேட்டாள். அவள் இந்த விளையாட்டுகளை விரும்பி ஆடுகிறவள். நன்றாகவும் ஆடுகிறவள்.

தவறில்லை என்றுதான் சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். வெல்ல வேண்டும் என்ற ஆசையும், ஒரு சிக்கலான உலகைக் கையில் வைத்து உருட்டிப் பார்க்கும் இன்பமும் ஆண்களுக்கு மட்டும் உரியவை அல்ல. வரலாறு வேறு மாதிரிப் போயிருக்கலாம் என்று காட்டும் எந்தக் கலையும் ஒடுக்கப்பட்டவர்களுக்கு அந்நியமானதல்ல. அந்த ‘போயிருக்கலாம்’ நமக்குத்தான் அதிகம் தேவை. பேரரசுக் காவியங்களைப் படிக்காமல் ஒதுக்கிவிட்டு நாம் பெண்ணியம் பேச வரவில்லை. படித்தோம், ரசித்தோம், ரசித்துக்கொண்டே யார் பேசவில்லை என்று கேட்டோம். விளையாட்டையும் அப்படியே வாசிக்கலாம்.

தவறு வேறொரு இடத்தில் தொடங்குகிறது. விதியைக் கருத்து என்று பார்க்காமல் உண்மை என்று எடுத்துக்கொள்ளும் இடத்தில். ஒரு நாவலாசிரியர் பூர்வகுடிகள் இயல்பாகவே மூர்க்கமானவர்கள் என்று எழுதினால் நாம் சண்டைக்குப் போவோம். விளையாட்டு அதையே ஒரு எண்ணாக எழுதி வைக்கும்போது, அந்த எண்ணை எப்படிச் சமாளிப்பது என்று உத்தி தேடுகிறோம். எண்ணுக்குக் குரல் இல்லை என்பதால் அது கருத்தாகத் தெரிவதில்லை. நூறு மணி நேரம் அந்த எண்ணுக்கு ஏற்ப முடிவெடுத்துப் பழகிய மனம், செய்தித்தாளில் ஒரு மலைக்கிராமத்தைக் காலிசெய்யும் திட்டத்தைப் படிக்கும்போது முதலில் எதைக் கேட்கும்? எவ்வளவு மின்சாரம் கிடைக்கும் என்றா, அங்கே யார் இருக்கிறார்கள் என்றா? விளையாடியதால்தான் மனம் அப்படி ஆகிறது என்று என்னால் சொல்ல முடியாது. அப்படி ஏற்கனவே பழகிய மனத்துக்கு இந்த விளையாட்டு மிகவும் வசதியாக இருக்கிறது என்று மட்டும் சொல்வேன்.

அந்த மாணவியிடம் மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு ஆடச் சொன்னேன். இங்கே யாருக்குப் பெயர் இருக்கிறது, யாருக்கு எண் மட்டும் இருக்கிறது? எது வளர வேண்டுமானால் யாருடைய உழைப்பு தேவைப்படும், அந்த உழைப்பு எந்த வரியில் எழுதப்பட்டிருக்கிறது? எதை மாற்றினால் எல்லோரும் ரசிக்கிறார்கள், எதை மாற்றினால் கோபப்படுகிறார்கள்? சில வாரங்கள் கழித்து அவள் வந்து, ஆட்டம் முன்பை விட மெதுவாகப் போகிறது என்றாள். ஒவ்வொரு பத்து ஆண்டுக்கும் ஒருமுறை காலத்தை நிறுத்தி வைத்துவிட்டு, பிடித்த மாகாணங்களைச் சொடுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். ‘யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4’இன் விதிகளில் பல, கணினியில் சாதாரண உரைக் கோப்புகளாகவே இருக்கின்றன. நோட்பேடில் திறந்து படிக்கலாம். திருத்தலாம். திருத்திய பதிப்பை மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளலாம். ஆயிரக்கணக்கானோர் அதைச் செய்தும் வருகிறார்கள். இயற்கை போல நின்ற விதி ஒரு சில வரிகள்தான். யாரோ ஒருவர் ஒரு நாள் உட்கார்ந்து தட்டச்சு செய்தவை. உரையைத் திறந்து, யார் எழுதியது, யாருக்காக, யாரை விட்டுவிட்டு என்று படிப்பதற்கு நமக்குப் பயிற்சி இருக்கிறது. அவள் இப்போது பதிலாட்சி பற்றிய கோப்பைத் தேடிக்கொண்டிருக்கிறாள். மங்கம்மாளின் ஆண்டுகளை முதலில் சேர்க்கப் போகிறாளாம். வேளத்துப் பெண்களை எப்படி எழுதுவது என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. அவர்களுக்கு எண் கொடுக்கக் கூடாது என்பது மட்டும் தெரிந்திருக்கிறது.